கறுப்பினக் குவார்ட்டர்பேக்கை விமர்சித்தாலே இனவெறியா?

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இன்று ஏறக்குறைய பாதி அணிகளுக்குக் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள். பேட்ரிக் மஹோம்ஸ்தான் அந்த ஆட்டத்தின் முகம். அப்படியிருக்க, பால்டிமோரின் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை யாராவது குறை சொன்னால் உடனே இனத்தை இழுப்பது ஏன்? ஆட்டக்காரரை விமர்சிப்பதே குற்றமா?"

குற்றமில்லை. பிளே ஆஃப் ஆட்டங்களில் ஜாக்சன் பந்தைக் கோட்டைவிட்டபோது நானும் தலையில் அடித்துக்கொண்டவன்தான். ஆனால் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து மட்டும் இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது. ஒருவர் தடுமாறினால் அவருக்கு எவ்வளவு அவகாசம் தருகிறார்கள், அந்தத் தடுமாற்றத்துக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஐம்பது அறுபது வருடக் கதை முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்கும் அணியின் மூளை. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, திட்டத்தை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுத்து, இரண்டு மூன்று விநாடிக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் கேப்டன்தான் எல்லா ஓவரையும் வீச வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எப்படியிருக்கும், கிட்டத்தட்ட அப்படி ஒரு பொறுப்பு. சம்பளமும் அவருக்குத்தான் அதிகம், திட்டும் அவருக்குத்தான் அதிகம்.

இந்த இடத்தை வெள்ளையருக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970இல் இதைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள்: முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையர், ஓடவும் பாயவும் வேண்டிய ஓரத்து இடங்களில் கறுப்பர். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடி வந்த கறுப்பின இளைஞரிடம் "உனக்குக் கால் வேகம் நன்றாயிருக்கிறது, ரிசீவராக ஆடு" என்பார்கள், அதாவது மற்றவர் எறிவதை ஓடிப்போய்ப் பிடிக்கும் ஆளாக. கேட்க பாராட்டு மாதிரி இருக்கும். அதோடு அவருடைய குவார்ட்டர்பேக் வாழ்க்கை முடிந்தது.

மார்லின் பிரிஸ்கோவுக்கு நடந்ததைப் பாருங்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1968இல் டென்வர் பிராங்கோஸ் அவரை 14ஆவது சுற்றில் எடுத்தது, அதுவும் தற்காப்பு ஆட்டக்காரராக. மனுஷன் விவரமானவர். குவார்ட்டர்பேக்காக என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். முதலிடத்தில் இருந்தவர்கள் காயப்பட, வாய்ப்பு வந்தது. 14 டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி வாங்கித்தருவது) எறிந்தார். டென்வரில் ஒரு புதுமுகத்தின் சாதனையாக அது 2024 வரை நின்றது. அடுத்த கோடையில் திரும்பி வந்தபோது குவார்ட்டர்பேக்குகளின் கூட்டங்கள் அவர் இல்லாமலேயே நடந்துகொண்டிருந்தன. அப்புறம் விடுவித்துவிட்டார்கள். பஃபலோவுக்குப் போய் ரிசீவராக மாறி, அதிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகி, 1972இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி அணியில் இடம்பிடித்தார். குவார்ட்டர்பேக்காக மட்டும் மறுபடி ஆடவே இல்லை.

1974இல் பிட்ஸ்பர்கில் ஜோ கில்லியம் முதல் ஆறு ஆட்டங்களைத் தொடங்கினார்: நான்கு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டை. பெஞ்சுக்குப் போய்விட்டார். இடத்துக்கு வந்தவர் டெர்ரி பிராட்ஷா. அதற்கு நான்கு வருடம் முன்னால், தன் முதல் பருவத்தில், 6 டச் டவுனும் 24 இன்டர்செப்ஷனும் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) எறிந்தவர் அவர். அணி அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் பொறுமைக்குப் பலனும் கிடைத்தது, நான்கு சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல்லின் இறுதிக் கோப்பை. சரி, கில்லியம் பக்கமும் தவறு இருந்தது. பயிற்சியாளர் ஓட்ட ஆட்டம் ஆடச் சொன்னால் இவர் எறிந்துகொண்டே இருந்தார், பின்னால் போதைப் பழக்கமும் சேர்ந்தது. ஆனால் பிராட்ஷாவுக்கு வருடக்கணக்கில் கிடைத்த அவகாசம் இவருக்கு ஆறு ஆட்டம்தான். நடுவில் கொலை மிரட்டல் கடிதங்கள் வேறு.

வாரன் மூன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரி அணிகள் மோதும் ரோஸ் பவுலில், 1978இல் ஆட்டநாயகன். அந்த வருட டிராஃப்டின் 12 சுற்றிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. கனடாவுக்குப் போனார், எட்மன்டன் அணிக்காகத் தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பை வென்றார், 1984இல்தான் ஹூஸ்டன் வழியாக என்எஃப்எல்லுக்குள் நுழைந்தார். 49,325 யார்டு எறிந்து, 2006இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் நவீனக் காலக் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார்.

டக் வில்லியம்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரியில் எடி ராபின்சனிடம் பயின்றவர். 1978இல் டாம்பா பே முதல் சுற்றில் எடுத்தது. தொடங்கிய நாளிலிருந்து முதல் 26 ஆட்டத்திலும் தோற்றுப்போன அணி அது. ஐந்து வருடத்தில் மூன்று முறை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார். 1982இல் அவர் சம்பளம் 1,20,000 டாலர். தொடக்கக் குவார்ட்டர்பேக்குகளிலேயே அதுதான் மிகக் குறைவு, மற்ற அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் சிலருக்கே அதைவிட அதிகம் கிடைத்தது. 6 லட்சம் கேட்டார், உரிமையாளர் 4 லட்சத்துக்கு மேல் போக மறுத்தார். வில்லியம்ஸ் வேறு லீகுக்குப் போனார். அடுத்த பருவத்தில் டாம்பா 16இல் 2 ஆட்டம்தான் வென்றது. 1997 வரை அந்த அணி பிளே ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு லட்சம் மிச்சம்பிடித்த கணக்கு இது.

1988 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு இரண்டு வாரம் முன்னால், சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஜிம்மி 'த கிரீக்' ஸ்னைடர் ஒரு பேட்டி கொடுத்தார். அடிமை முறைக் காலத்தில் ஆண்டைகள் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததால்தான் கறுப்பர்களுக்கு இந்த உடல் வாய்த்தது என்றார். பயிற்சியாளர் வேலையையும் அவர்கள் எடுத்துக்கொண்டால் வெள்ளையருக்கு என்ன மிஞ்சும் என்றும் கேட்டார். மறுநாள் வேலை போனது. அந்தச் சூட்டோடு வந்ததுதான் அந்தச் சூப்பர் பவுல். வாஷிங்டனுக்கு, என்எஃப்எல்லுக்குத் திரும்பியிருந்த வில்லியம்ஸ்; டென்வருக்கு ஜான் எல்வே. "எத்தனை காலமாகக் கறுப்பினக் குவார்ட்டர்பேக்காக இருக்கிறீர்கள்?" என்று ஒரு நிருபர் வில்லியம்ஸிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. கேள்வி அப்படியே கேட்கப்படவில்லை, வாய்மாறி வாய்மாறித் திரிந்துவிட்டது என்று பின்னால் எழுதினார்கள். அப்படியே கேட்டிருந்தாலும் யாரும் அதிர்ந்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவரிடம் வந்த கேள்விகள் இந்த ஜாடைதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வில்லியம்ஸ் பல் மருத்துவரிடம் ரூட் கெனால் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 31, சான் டியேகோ. முதல் கால்பகுதியில் டென்வர் 10க்கு 0 என்று முந்தியது. வில்லியம்ஸ் கால் வழுக்கி, முழங்கால் திருகி, வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் இறங்கி இரண்டு முயற்சி ஆடினார். இரண்டாம் கால்பகுதி தொடங்கியதும் வில்லியம்ஸ் திரும்ப வந்தார். முதல் எறிதலே ரிக்கி சாண்டர்ஸ் கையில் விழுந்து 80 யார்டு டச் டவுன். அடுத்து கேரி கிளார்க்குக்கு ஒன்று, மறுபடி சாண்டர்ஸுக்கு ஒன்று, கிளின்ட் டிடியேவுக்கு ஒன்று. நடுவில் டிம்மி ஸ்மித் 58 யார்டு ஓடி ஒன்று. பதினெட்டே முயற்சியில் 35 புள்ளி. 42க்கு 10 என்று முடிந்தது, ஆட்டநாயகன் வில்லியம்ஸ். அப்புறம்? காயம், முதுகுப் பிரச்சினை, 1989 பருவத்தோடு என்எஃப்எல் வாழ்க்கை முடிந்தது.

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். ஒரு பகுதி பழசுதான். 1999இல் முதல் சுற்றிலேயே மூன்று கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். 2001இல் மைக்கேல் விக் மொத்த டிராஃப்டிலும் முதல் ஆளாகப் போனார். 2003இல் ஸ்டீவ் மெக்நேர், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதைப் பெய்டன் மேனிங்குடன் பகிர்ந்துகொண்டார். கதவு திறந்துவிட்டது. திறந்த பிறகு சந்தேகம் வேறு உடையில் வந்தது.

அதே 2003இல் இஎஸ்பிஎன் நிகழ்ச்சியில் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஃபிலடெல்ஃபியாவின் டானவன் மெக்நாப் அவ்வளவு ஒன்றும் சிறந்தவர் இல்லை, கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று ஊடகங்கள் ஆசைப்படுவதால் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றார். சில நாளில் அவர் பதவி விலக வேண்டியிருந்தது. மெக்நாப் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் மோசமாகத்தான் ஆடினார். அதை மட்டும் சொல்லியிருந்தால் அது விமர்சனம். அவர் பெற்ற புகழே இனாம் என்றதுதான் வேறு ரகம். மெக்நாப் அணியை அந்த வருடமும் சூப்பர் பவுலுக்கு முந்தின கட்டமான மாநாட்டு இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

2011இல் கேம் நியூட்டனைப் பற்றி ஒரு தேர்வாளர் அறிக்கை வந்தது. எறிதல், ஓட்டம் எல்லாம் போக, அவருடைய சிரிப்பு போலி, எல்லாமே ஒத்திகை பார்த்துப் பேசுவது போலிருக்கிறது, சுயநலக்காரர் என்று எழுதியிருந்தார்கள். 21 வயதுப் பையன் சிரிப்பதை வைத்து இத்தனை கண்டுபிடிப்பு. அவரை எடுத்த கரோலைனா அணியின் உரிமையாளர், உடம்பில் பச்சை குத்தியிருக்கிறாயா, காது குத்தியிருக்கிறாயா என்று விசாரித்ததைத் தானே தொலைக்காட்சியில் சொன்னார். நியூட்டன் 2015இல் எம்விபி.

2022இல் கைலர் மர்ரியின் 230.5 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் அரிசோனா அணி ஒரு பிரிவைச் சேர்த்தது: வாரம் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஆட்டப் பதிவுகளைப் படிக்க வேண்டும், அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்த்தாலோ வீடியோ கேம் ஆடினாலோ இணையத்தில் மேய்ந்தாலோ அது கணக்கில் சேராது. கறுப்பின, கொரிய வம்சாவளிக்காரரான மர்ரி வீடியோ கேம் பிரியர் என்பது உண்மைதான், படிப்பதில் சுணக்கம் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் 230 மில்லியன் நம்பிக் கொடுக்கும் ஆளிடம் வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கையெழுத்து வாங்குவது என்ன வகை நம்பிக்கை? விஷயம் வெளியே வந்து நாறியதும், சில நாளில் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதே கோடையில், பெயர் சொல்லாத ஒரு தற்காப்புப் பயிற்சியாளர், மஹோம்ஸ் எறிய நினைத்த முதல் ஆள் கிடைக்காவிட்டால் திட்டமில்லாத தெருப்பந்து ஆடப் போய்விடுகிறார் என்று ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அப்போதே சூப்பர் பவுலும் எம்விபியும் வென்றவர் மஹோம்ஸ்!

இனி உங்கள் கேள்வியில் இருந்த லமார் ஜாக்சன். 2016இல் கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் வென்றவர். 2018 டிராஃப்டுக்கு முன்னால், புகழ்மண்டபத்தில் இருக்கும் நிர்வாகி பில் போலியன், இவர் ரிசீவராக மாற வேண்டும், தாமதிக்கவே கூடாது என்றார். குள்ளம், மெலிந்த உடம்பு, எறிதலில் துல்லியம் இல்லை என்பதெல்லாம் காரணம். ஜாக்சன் உஷாராக, வேகத்தை அளக்கும் 40 யார்டு ஓட்டத்தை ஓட மறுத்துவிட்டார். ஓடிக் காட்டினால் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அதே டிராஃப்டில் வயோமிங்கிலிருந்து ஜாஷ் ஆலன் வந்தார், வெள்ளையர். அவரும் நன்றாக ஓடுவார். கல்லூரிக் கடைசி வருடத்தில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது, ஜாக்சனுக்கு 59. ஆலனின் துல்லியத்தைப் பற்றியும் கடுமையாக எழுதினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவருடைய குறை சரிசெய்யக்கூடிய குறை, கையில் பலம் இருக்கிறது, உருவாக்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. பஃபலோ ஏழாவதாக எடுத்தது. ஜாக்சனின் குறைக்கு மருந்து, இடத்தையே மாற்று என்பது. அவர் பெயர் 32ஆவதாக, முதல் சுற்றின் கடைசியில் வந்தது.

பஃபலோ தப்புக் கணக்குப் போடவில்லை. ஆலன் முதல் இரண்டு வருடம் தடுமாறினார், அப்புறம் விஸ்வரூபம் எடுத்தார், 2024இல் எம்விபி. நான் சொல்ல வருவதே அதுதான். காத்திருந்தால் ஆள் தேறுவார் என்ற எண்ணம் யார் விஷயத்தில் தானாக வருகிறது, யார் விஷயத்தில் வரவில்லை?

2019இன் முதல் ஆட்டத்தில் மயாமிக்கு எதிராக ஜாக்சன் 20 எறிந்து 17ஐச் சேர்த்தார், 324 யார்டு, ஐந்து டச் டவுன். பால்டிமோர் 59, மயாமி 10. பேட்டியில் அவர் சொன்னது: ஓட்டக்காரன் ஒருவனுக்கு இது பரவாயில்லைதானே. அந்த வருடம் 36 டச் டவுன் எறிந்து, 1,206 யார்டு ஓடி, ஒரு வாக்குகூடச் சிதறாமல் எம்விபி ஆனார். போலியன் தான் சொன்னது தப்பு என்று பகிரங்கமாக ஒத்துக்கொண்டார், அது பெரிய மனசு. அதே டிசம்பரில் எதிரணி வானொலி வர்ணனையாளர் ஒருவர், ஜாக்சன் பந்தைக் கொடுப்பதுபோல் போக்குக் காட்டுவது எடுபடுவதற்கு அவரது கறுத்த தோலும் கறுத்த பந்தும் காரணம் என்று கண்டுபிடித்து, ஒரு ஆட்டத்துக்கு இடைநீக்கம் ஆனார். ஏமாற்றும் திறமையைக்கூடத் தோலுக்குக் கொடுத்தாகிவிட்டது.

போலியன் பற்றி இன்னொன்று எனக்கு எப்போதும் உறுத்தும். அவர் இண்டியானாபொலிஸை நிர்வகித்தபோது, 2007இல் சூப்பர் பவுல் வென்று கொடுத்த பயிற்சியாளர் டோனி டஞ்சி. கறுப்பினத்தவரான டஞ்சி மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். 1977 டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை. பிட்ஸ்பர்க் கூப்பிட்டுத் தற்காப்புக்கு மாற்றியது. ஆட்டத்தை வாசிக்கும் மூளையைக் கண்ணெதிரே பார்த்தவர்தான் போலியன். அவருக்கே 2018இல் அந்தப் பழைய வாசகம் வாயில் வந்தது. அவரை இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

உதாரணங்களைப் பொறுக்கிச் சேர்த்து எதையும் நிரூபிக்கலாம் என்று நீங்கள் மடக்கலாம். அதனால் பொருளியலாளர் பிரையன் வோல்ஸின் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் தரம், காயம், அனுபவம், அணி செய்த முதலீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பினக் குவார்ட்டர்பேக் பெஞ்சுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார். நட்சத்திரங்களுக்கு இது பொருட்டே இல்லை, மஹோம்ஸை யார் உட்கார வைப்பார்கள்? சுமாராக ஆடுபவர்களுக்குத்தான் அடி. ஒரு வெள்ளையர் பத்து வருடம் சுமாராக ஆடி, மூன்று அணி மாறி, நல்ல பெயரோடு ஓய்வு பெறலாம். கறுப்பினத்தவர் அபாரமாக ஆடினால்தான் இடம் என்று வெகுகாலம் இருந்தது.

எல்லாவற்றையும் இதில் அடைக்கவும் கூடாது. 2023இல் ஜாக்சன் ஒப்பந்தம் இல்லாமல் நின்றபோது வேறு எந்த அணியும் விலை பேசவில்லை என்று பெரிய சத்தம். அதற்கு முந்தின வருடம் கிளீவ்லாந்து டெஷான் வாட்சனுக்கு 230 மில்லியனை முழு உத்தரவாதமாகக் கொடுத்து மற்ற முதலாளிகள் வயிற்றைக் கலக்கியிருந்தது; வாட்சனும் கறுப்பினத்தவர்தான். என் கணிப்பில் அங்கே இனத்தைவிடப் பணப் பயம் பெரிது. கறுப்பினக் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் விஷயமும் அப்படித்தான். அவருடைய அறிவாற்றல் சோதனை மதிப்பெண் மோசம் என்று 2023 டிராஃப்டுக்கு முன் கசியவிட்டார்கள். அதே சோதனையில் மிகச் சிறப்பாகச் செய்ததாகச் செய்தி வந்த பிரைஸ் யங்கும் கறுப்பினத்தவர். ஸ்ட்ரவுட் முதல் பருவத்தில் 23 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று ஆடியபோது அந்தச் சோதனைதான் சிரிப்பாய்ச் சிரித்தது. தன் இனத்தவரிடமிருந்தே வரும் கெடுபிடியும் உண்டு. 2012இல் வாஷிங்டனின் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் உண்மையிலேயே நம்ம ஆள்தானா என்று தொலைக்காட்சியில் கேட்டு வேலையிழந்த விளையாட்டு விமர்சகர் ராப் பார்க்கர் கறுப்பினத்தவர்.

ஆக, ஒரு விமர்சனம் காதில் விழுந்தால் நான் பார்ப்பது இதைத்தான். ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறாரா, ஆளின் குணத்துக்கும் மூளைக்கும் தாவுகிறாரா? மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்) பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார் என்றால் பதிவைப் போட்டுச் சரிபார்க்கலாம். 'தலைமைப் பண்பு இல்லை', 'ஆட்டம் புரியவில்லை' என்றால் எதைப் போட்டுச் சரிபார்ப்பது? பெயரை மறைத்துவிட்டு அதே எண்களை ஒரு வெள்ளை ஆட்டக்காரருக்கு வைத்துப் பாருங்கள், அதே சொல் வருகிறதா என்று.

நிலைமை மாறியிருப்பதும் நிஜம். 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் முதன்முறையாக இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள், மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும். ஆனால் எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது நடுத்தர ஆட்டக்காரர்கள்தான். ஜீனோ ஸ்மித் வருடக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து, 2022இல் சியாட்டிலில் எழுந்து, மறுவருகைக்கான விருதை வாங்கினார். விண்வெளிப் பொறியியல் படித்த ஜாஷுவா டாப்ஸ் 2023 அக்டோபர் கடைசியில் மினசோட்டாவுக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஞாயிறே, முதல் ஆள் காயப்பட்டதால், சக ஆட்டக்காரர்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் களமிறங்கி அட்லாண்டாவை 31க்கு 28 என்று வென்றார். மூன்று வாரம் கழித்து சிகாகோவுக்கு எதிராக நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். கொஞ்ச நாளில் உட்கார வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.